சேப்பாக்கத்தில் பாதியில் எழுந்து வந்தவர்: அப்பாவின் ஸ்கோர் நோட்டு

1. பெரம்பூர்க்காரன்

அப்பா போய் நேற்றோடு நாற்பது நாள். பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். உள்ளே பதினொரு நோட்டுகள். நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டுகள், மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த வகை. எல்லாவற்றிலும் இடப்பக்கம் கிரிக்கெட் ஸ்கோர், வலப்பக்கம் வீட்டுக் கணக்கு. ஒரே நாளுக்கு ஒரே விரிப்பு. இடப்பக்கம் கபில்தேவ் எத்தனை ஓட்டம் என்று இருந்தால் வலப்பக்கம் பால் எத்தனை லிட்டர் என்று இருக்கும்.

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். கைப்பந்து ஆடினார், முட்டி போன பிறகு பார்வையாளர் ஆனார். கிரிக்கெட், ஹாக்கி, டென்னிஸ், எதையும் விடமாட்டார். ஆனால் ஒரு டெஸ்டுக்கு ஒரு நாள்தான் விடுப்பு எடுப்பார். மிச்ச விடுப்பெல்லாம் எங்கள் காய்ச்சலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பாட்டியின் கண் அறுவை சிகிச்சைக்கும்.

நோட்டில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணால் பார்த்தது மையில். ரேடியோவில் கேட்டது பென்சிலில். நாளிதழில் படித்ததை எழுதவே மாட்டார். ஓட்டம் வராத பந்துக்குப் புள்ளி, விக்கெட்டுக்குப் பெருக்கல் குறி போடுவார்.

இப்போது என் சிக்கல். 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவுடன் ஐந்தாம் நாள். ஆம், இரண்டு அணியும் சமமாகி டை ஆன அந்த ஆட்டம்தான். அப்பா நேரில் போயிருந்தார். முதல் பந்திலிருந்து மையில் எழுதியிருக்கிறார். கவாஸ்கர் 90இல் அவுட், 204க்கு 3 என்று பெருக்கல் குறி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கட்டங்கள் மட்டும் ஸ்கேல் வைத்துப் பக்கத்தின் அடி வரைக்கும் போட்டு வைத்திருக்கிறார், எல்லாம் காலி.

அன்று அங்கே இருந்தவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருக்கிறீர்களா? மீதியை நிரப்பலாம் என்று நினைக்கிறேன்.

2. வாலாஜா கேலரி

தம்பி, முதலில் என் அனுதாபம். நான் இருந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, கல்லூரிக்கு மட்டம்.

வெயிலைச் சொல்லி முடியாது. மூன்று நாளைக்கு முன்னால்தான் டீன் ஜோன்ஸ் 210 அடித்து, ஆட்டத்துக்கு நடுவிலேயே வாந்தி எடுத்து, முடிந்ததும் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பக்கிங்காம் கால்வாய் நாற்றம் வேறு. அந்த வெயிலில் கிரெக் மேத்யூஸ் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினார்! வெயிலெல்லாம் ஒரு வெயிலா என்று காட்டுவதற்காகவாம். எங்கள் கேலரியில் அவருக்குக் கம்பளிப்பூச்சி என்று பெயர் வைத்தார்கள். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்தது அந்தக் கம்பளிப்பூச்சி.

ஐந்தாம் நாள் காலை வரை எல்லோரும் டிரா என்றே நினைத்தோம். ஆலன் பார்டர் முதல்நாள் மாலை எடுத்திருந்த 170க்கு 5 என்ற கணக்கிலேயே டிக்ளேர் செய்து, அதாவது தங்கள் ஆட்டம் போதும் என்று முடித்து, 348 இலக்கு வைத்தார். கையில் சீசன் டிக்கெட் வைத்திருந்த பாதிப் பேர் அன்று வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பிற்பாடு பட்ட துக்கம் தனிக்கதை.

உங்கள் அப்பா 204இல் எழுந்தார் என்றால் அது தேநீர் இடைவேளை தாண்டிய நேரம். கவாஸ்கர் போனதும் நம்பிக்கை போய் எழுந்தவர்களை நான் பார்த்தேன். தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் அப்பாவும் அப்படித்தானோ?

3. பெரம்பூர்க்காரன்

வாலாஜா அண்ணா, அந்த டிக்கெட்டே அப்படி வந்ததுதான்! உடன் வேலை செய்தவர் 'எப்படியும் டிரா, நீ போ' என்று கொடுத்தது.

நம்பிக்கை போய் எழுந்தார் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். எட்டாவது விக்கெட் விழுந்த பிறகும் ரேடியோவை அணைக்கவிடாத மனிதர். வலப்பக்கத்தைப் பார்த்தேன். அன்றைய தேதியில்: பால் ஒன்றரை, மண்ணெண்ணெய், பாப்பா செருப்பு வார். அதற்குக் கீழே கட்டம் கட்டி '23 செவ்வாய், பாப்பா, கணக்கு'. என் தங்கைக்கு மறுநாள் காலாண்டுப் பரீட்சை. மூன்றாம் வகுப்பு. கணக்கு சொல்லித்தர ஐந்து மணிக்குள் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருப்பார்.

அதற்கும் கீழே ஏதோ கூட்டல் கிறுக்கல் இருக்கிறது, தங்கையின் கையெழுத்து. அவள் என் நோட்டிலும் கிறுக்குவாள்.

4. மூன்றாம் நடுவர்

கடைசி ஓவரை நிரப்புவதானால் மணீந்தர் சிங்குக்குப் பெருக்கல் குறி போடாதீர்கள். மட்டையில் படாமல் காலில் பட்டது என்று எல்.பி.டபிள்யூ. கொடுத்தார்கள், ஆனால் பந்து மட்டையில் பட்டது. மணீந்தர் இன்று வரைக்கும் அதைத்தான் சொல்கிறார்.

5. வாலாஜா கேலரி

நடுவர் விக்ரம்ராஜு கையைத் தூக்கினார், அவுட். நீங்கள் மட்டையில் பட்டதைப் பார்த்தீர்களா? நான் கேலரியிலிருந்து பார்த்தேன், எனக்கு மட்டையே தெரியவில்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகு ஒரு டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை. தனக்குச் சரி என்று பட்டதைச் சொன்னார், அதற்கு விலையும் கொடுத்தார்.

6. மூன்றாம் நடுவர்

நூற்றைம்பது ஆண்டு டெஸ்ட் வரலாற்றில் இரண்டே டை. 1960 பிரிஸ்பேன், 1986 சேப்பாக்கம். ஒரு ஓட்டம் எடுத்திருந்தால் நாம் வென்றிருப்போம். விரல் தூக்குவதற்கு முன் ஒரு நொடி யோசித்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

7. வாலாஜா கேலரி

இரண்டிலும் இருந்த ஒருவர் யார் தெரியுமா? பாப் சிம்ப்சன். பிரிஸ்பேனில் ஆட்டக்காரர், சேப்பாக்கத்தில் பயிற்சியாளர். அவரே அமைதியாக இருந்தார், நீங்கள் ஏன் குதிக்கிறீர்கள்?

8. நெறியாளர்

எல்.பி.டபிள்யூ.வுக்குத் தனி இழை இருக்கிறது, 412 பதிவுகளோடு. அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இது நண்பரின் தந்தையைப் பற்றியது.

9. தீப்பெட்டி ஊர்

நான் கோவில்பட்டி. எங்கள் ஊரில் இரண்டே தொழில், தீப்பெட்டியும் ஹாக்கியும். (கடலை மிட்டாயை விட்டுவிட்டேன் என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.) என் அப்பா பகலில் தீப்பெட்டி ஆபீஸ், விடியற்காலையிலும் சாயங்காலமும் ஹாக்கி மைதானம்.

உங்கள் அப்பாவுக்கு நேர்மாறு. அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார், முழங்காலில் சிராய்ப்போடு. சம்பந்தி வீட்டார் முன்னால் அம்மா தலைகுனிந்து நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் பாஸ்கரன் தலைமையில் நம் ஹாக்கி அணி தங்கம் வென்றபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவரும் அவர்தான். அதற்கு மறுவாரம் வீட்டில் அரிசி இல்லை.

அவரை வெறுத்தேனா என்றால் இல்லை. அவர் போன பிறகு அந்த ஸ்டிக்கை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்' என்று இரங்கல் சுவரொட்டியில் அச்சடித்தபோது அக்கா அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

10. மேசைவிளக்கு

மேலே உள்ளவர் எழுதியதால் எனக்கும் துணிச்சல் வந்தது. பெரம்பூர் நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்த மாதிரி இழைகளில் அப்பாக்கள் மைதானத்திலிருந்து சீக்கிரம் வந்தால் தியாகம். அம்மாக்கள் மைதானத்துக்குப் போகவே இல்லை, அதற்கு என்ன பெயர்? அந்தத் திங்கட்கிழமை உங்கள் அப்பாவுக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொடுத்தது யார்? மண்ணெண்ணெய் வரிசையில் நின்றது யார்? கணக்கு சொல்லித்தர அப்பா வரவேண்டும் என்று ஏன் காத்திருந்தார்கள், அம்மாவுக்குக் கணக்குத் தெரியாதா?

விளையாட்டு அப்பாக்களின் சொத்து மாதிரிப் பேசுகிறோம். விஸ்வநாதன் ஆனந்துக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா சுசீலா. அந்தப் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

11. பழைய பந்து

அம்மாவின் பங்கு உண்மை. ஆனால் அப்பாவை இப்படிக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம். தென்காசிக்காரர் டி.கே. ராமநாதன் தன் மகன் கிருஷ்ணனுக்குத் தானே டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். அந்த மகன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார், 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அவருடைய மகன் ரமேஷ் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். மூன்று தலைமுறை. அந்த வீட்டில் விளையாட்டு எது, குடும்பம் எது என்று யாராலும் பிரித்திருக்க முடியாது.

12. மேசைவிளக்கு

நான் கூண்டில் ஏற்றவில்லை. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

13. பெரம்பூர்க்காரன்

கேட்டேன்.

மேசைவிளக்கு அம்மா, கோபமெல்லாம் இல்லை. உங்கள் பதிவை அப்படியே படித்துக் காட்டினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். 'அந்தப் பொண்ணு சொல்றது சரிதான்' என்றார். எலுமிச்சைச் சாதம் இல்லையாம், தயிர்சாதமும் மாவடுவும். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றது அம்மாதான். கணக்கு அம்மாவுக்கு நன்றாகவே தெரியும், பள்ளி இறுதி வரை படித்தவர். ஆனால் அன்று மாலை பாட்டிக்குக் கண்ணில் மருந்து போட்டுவிட்டுச் சமையலும் பார்க்க வேண்டியிருந்தது, 'நீங்க அஞ்சுக்கு வந்தாத்தான் ஆச்சு' என்று அம்மாவே கறாராகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

'உங்கப்பா ஒரே ஒரு தடவைதான் என்னை மேட்ச்சுக்குக் கூட்டிப் போனார்' என்றும் சொன்னார். எழும்பூரில் ஹாக்கி. கைக்குழந்தையாக நான் மடியில். கோல் காக்கிறவர் ஏன் காலில் தலையணையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று அம்மா கேட்க, அப்பா சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தாராம். அதற்குப் பிறகு அம்மா போகவில்லை. 'சிரிச்சதுக்காகவா?' என்று கேட்டேன். 'இல்ல, எனக்குப் பிடிக்கல. எல்லாருக்கும் பிடிக்கணுமா?' என்றார்.

ஆகவே தியாகம் என்ற சொல்லை நான் எடுத்துவிடுகிறேன். அம்மா வரச் சொன்னார், அப்பா வந்தார்.

14. தீப்பெட்டி ஊர்

வரச் சொன்னால் வருகிற ஆளாக இருந்தார் அல்லவா. எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை.

15. புள்ளிக்கணக்கு

நான் வழக்கமாக எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஒரு சந்தேகம். மூன்றாம் பதிவில் தங்கை கிறுக்கிய கூட்டல் கணக்கு என்றீர்கள். என்ன எண்கள்?

16. பெரம்பூர்க்காரன்

இரண்டு கணக்குகள், பக்கத்தில் பக்கத்தில். முதலாவதில் 574, அதற்குக் கீழே 170, கோடு போட்டு 744. இரண்டாவதில் 397, அதற்குக் கீழே 347. கோட்டுக்குக் கீழே முதலில் 634 என்று எழுதி, அடித்து, 744. கையில் வைத்த 1 இரண்டு இடத்திலும் தலைக்கு மேல் பெரிதாக இருக்கிறது, அது மட்டும் அப்பாவின் கையெழுத்து. அவ்வளவுதான், ஏன் கேட்கிறீர்கள்?

17. வாலாஜா கேலரி

அட தம்பி! 574 ஆஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸ். 170 இரண்டாவது. 397 நம் முதல் இன்னிங்ஸ், கபில் 119 அடித்தது. 347 நம் இரண்டாவது.

18. புள்ளிக்கணக்கு

ஆமாம். 744, 744. கட்டங்களைத்தான் காலியாக விட்டிருக்கிறார். முடிவு வலப்பக்கத்தில் இருக்கிறது.

19. மூன்றாம் நடுவர்

எல்.பி.டபிள்யூ. பற்றி நான் எழுதியதையெல்லாம் இந்த ஒரு இழையில் மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

20. பெரம்பூர்க்காரன்

ஒரு மணி நேரமாக நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்பது வருடமாக இது எங்கள் பரணில் கிடந்திருக்கிறது. அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. ஆறு மணி வரை தெருவில் ரப்பர் பந்து ஆடிக்கொண்டிருந்தேன், வீட்டுக்குள் நடந்தது எதுவும் தெரியாது.

தங்கைக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

21. பழைய பந்து

காத்திருக்கும் நேரத்தில் ஒன்று சொல்கிறேன். அடுத்த வருடமே அதே சேப்பாக்கத்தில், 1987 உலகக் கோப்பையில், அதே ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றோமே, அக்டோபர் 9. அன்றும் கடைசி ஆள் மணீந்தர். அன்றும் கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து. ஸ்டீவ் வா ஸ்டம்பைப் பெயர்த்தார். அந்தப் பக்கம் உங்கள் அப்பாவின் நோட்டில் இருக்கிறதா?

22. பெரம்பூர்க்காரன்

இருக்கிறது, முழுக்கப் பென்சிலில். அன்று பாட்டி மருத்துவமனையில். அப்பா வராந்தாவில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும், கோடுகள் கோணலாக இருக்கின்றன. ஆஸ்திரேலியா 268 என்று எழுதி அடித்து, மேலே 270 என்று திருத்தியிருக்கிறார்.

23. பழைய பந்து

அந்த இரண்டு ஓட்டம்தான் ஐயா ஆட்டமே! டீன் ஜோன்ஸ் அடித்ததை நான்கு என்று கொடுத்திருந்தார்கள். இடைவேளையில் அது சிக்சர் என்று பேச்சு வந்தது, கபில் ஒத்துக்கொண்டார், 268 என்பது 270 ஆனது. நாம் எடுத்தது 269. வராந்தாவில் உட்கார்ந்து அந்தத் திருத்தத்தைக்கூட விடாமல் போட்டிருக்கிறார், பாருங்கள்.

24. பாப்பா (புதிய உறுப்பினர்)

வணக்கம். நான்தான் அந்தக் கிறுக்கல்காரி. அண்ணா எழுதியதில் சில திருத்தங்கள்.

முதலாவது, அப்பா கணக்கு சொல்லித்தருவதில் பொறுமை இல்லாதவர். குட்டு விழும். 634 என்று எழுதியதற்கும் விழுந்தது. கையில் வைத்த எண்ணை மறந்துவிடுவேன், அதனால்தான் அந்த 1ஐ அவ்வளவு பெரிதாக அவரே போட்டார். இங்கே எல்லோரும் அவரைத் தெய்வமாக்கிக்கொண்டிருக்கிறீர்கள், ஆகவே சொல்கிறேன்.

அன்று அவர் வந்தது ஐந்து மணிக்கு முன்னால். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, கழற்றி ஆணியில் மாட்டினார். எங்கள் ரேடியோவைப் போடவில்லை. போட்டால் நான் புத்தகத்தைப் பார்க்க மாட்டேன் என்பது அம்மாவின் கட்டளை. முதலில் வாய்பாடு. ஆனால் எதிர்வீட்டு ரேடியோ கேட்டுக்கொண்டுதான் இருந்தது, சொல் எதுவும் புரியாது, இரைச்சல் மட்டும். ஒவ்வொரு இரைச்சலுக்கும் அப்பாவின் முகம் ஜன்னல் பக்கம் போய்விட்டுத் திரும்பும். ஏழாம் வாய்பாட்டில் நான் இரண்டு வரியைத் தாண்டிவிட்டேன், அவர் கவனிக்கவில்லை. அது ஒன்றுதான் அன்று எனக்குக் கிடைத்த சலுகை.

பிறகு பெரிய சத்தம், உடனே அமைதி. எதிர்வீட்டு மாமா ஜன்னலுக்கு வந்து 'டை ஆயிடுச்சு சார்!' என்று கத்தினார். கழுத்தில் கட்டுகிற டை என்று நான் நினைத்தேன். அப்பா மாமாவிடம் எண்களை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம், '348 எடுத்தால் ஜெயம். 347 எடுத்தோம். யார் ஜெயித்தது?' என்றார். ஒன்று குறைகிறதே, ஆஸ்திரேலியா என்றேன். 'கூட்டிப் பார்' என்று நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஸ்கோர் நோட்டில் என்னை எழுதவிட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு பக்கமும் 744 வந்ததும் நான், 'இதுக்கா அஞ்சு நாள் ஆடுனாங்க?' என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழித்தல் ஆரம்பித்துவிட்டது.

பரீட்சையில் எத்தனை என்று யாரும் கேட்க வேண்டாம்.

25. மேசைவிளக்கு

கேட்கவில்லை. ஆனால் இதை எழுதியதற்கு நன்றி, பாப்பா. குட்டையும் சேர்த்து எழுதியதற்கு இன்னும் நன்றி.

26. பெரம்பூர்க்காரன்

பாப்பா, காலிக் கட்டங்களை நிரப்பட்டுமா, அப்படியே விடட்டுமா? உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்கிறேன்.

27. பாப்பா (புதிய உறுப்பினர்)

அண்ணா, முழு ஆட்டத்தையும் வேண்டாம். அவர் பார்க்காததையெல்லாம் நாம் எழுதி என்ன ஆகப்போகிறது. வாய்பாடு சொல்லும்போது ஜன்னல் வழியாகக் கேட்டதே, அந்தக் கடைசி ஓவர் மட்டும். அதுவும் பென்சிலில்.

28. பெரம்பூர்க்காரன்

சீவியாயிற்று. வாலாஜா அண்ணா, சொல்லுங்கள்.

29. வாலாஜா கேலரி

எழுதிக்கொள்ளுங்கள். 87ஆவது ஓவர், வீசியவர் மேத்யூஸ், ஸ்வெட்டரோடு. 344க்கு 9. வேண்டியது நான்கு. ஆடுபவர் ரவி சாஸ்திரி, எதிர்முனையில் மணீந்தர்.

முதல் பந்து, சாஸ்திரி தடுத்தார். புள்ளி.

இரண்டாவது, லெக் பக்கம் தட்டிவிட்டு இரண்டு ஓட்டம். 346.

மூன்றாவது, ஒன்று. 347, சமம். இனி தோல்வி இல்லை என்று கேலரியில் ஆள்மேல் ஆள் ஏறினோம். என் பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் உட்காரு உட்காரு என்று கத்தினார்.

நான்காவது, மணீந்தர் தடுத்தார். புள்ளி.

ஐந்தாவது, பெருக்கல் குறி. (மூன்றாம் நடுவர் அவர்கள் மன்னிக்கவும்.)

30. மூன்றாம் நடுவர்

போடுங்கள், போடுங்கள்.

31. பெரம்பூர்க்காரன்

போட்டுவிட்டேன். ஆறாவது கட்டம்?

32. வாலாஜா கேலரி

ஆறாவது பந்து வீசவில்லை தம்பி. அதை அப்பா விட்டபடியே விடுங்கள்.